அறுபது கிலோ சவரி

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் என் தம்பியின் சிலுவையில் ‘கபடி வீரர் சவரிமுத்து’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘மில் தொழிலாளி’ என்று எழுதச் சொல்லி நான் கத்திப் பார்த்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். வாய் நீளமானவள் சொல்வதை யார் மதிப்பார்கள்? ‘மில் தொழிலாளி’ என்கிற அந்த இரண்டு வார்த்தைக்காக அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் நானே உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ராஜமேரி. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா ராயம்மாள், நான், சவரி, மூன்று பேர்தான் குடும்பம். கொஞ்சம் மானாவாரி நிலம், அதன் ஓரத்தில் நாலு புளியமரம். மாசி பங்குனியில் புளியை உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து மாரப்பன் மண்டியில் போட்டால் கொஞ்ச நாளைக்கு அரிசிச் சோறு. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களிதான்.

சவரிக்குப் படிப்பு ஏறவில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். ஆனால் கோட்டைத் தாண்டிக் கபடி பாடிக்கொண்டு போனான் என்றால் எதிரில் நிற்கிற ஏழு பேருக்கும் கை கால் ஓடாது. ஆள் உயரமில்லை. பிடித்தால் எண்ணெய் தடவிய புளியங்கொட்டை மாதிரி நழுவிவிடுவான். அவன் ஆடுகிற நாளில் களை எடுக்கிற பெண்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். நானும்தான் போவேன். போய்விட்டு, வெட்டியாக மண்ணில் புரள்கிறான் என்று வீட்டில் வந்து திட்டுவேன். அவன் சிரித்துக்கொண்டே முதுகைத் திருப்பிக் காட்டி, மண்ணைத் தட்டிவிடச் சொல்லுவான்.

‘சூசையப்பர் கபடிக் குழு’ என்று எங்கள் ஊர் அணிக்குப் பெயர். அதற்கு எல்லாமே சைக்கிள் கடை ஞானராஜ் அண்ணன்தான். பிள்ளை இல்லாத மனுஷர். சவரியை என் பிள்ளை, என் பிள்ளை என்றே சொல்வார். அவருடைய கடையில்தான் சவரி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஞானராஜ் அண்ணனைக் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டுவதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எண்பத்து நாலாம் வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து எங்கள் ஊரில் ஒரு போட்டி நடந்தது. சேலத்துப் பக்கத்து நூல் மில் ஒன்றிலிருந்து ஒரு ஆபீசர் அதைப் பார்க்க வந்திருந்தார். அந்தக் காலத்தில் பெரிய மில்லெல்லாம் தன் பெயரில் கபடிக் குழு வைத்திருக்கும். நல்ல ஆட்டக்காரனைக் கண்டால் வேலை கொடுத்துக் கூட்டிப்போய்விடுவார்கள். அந்த ஆபீசர் சவரியின் ஆட்டத்தை நின்றபடியே பார்த்துவிட்டு ஞானராஜ் அண்ணனிடம் பேசினாராம். அறுபது கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் அவர்களுக்குப் பாடிப் போகிற ஆள் இல்லையாம். மே மாதம் தர்மபுரியில் நடக்கிற போட்டியில் சவரி அந்த எடையில் நின்று ஜெயித்துக் காட்டினால் மில்லில் வேலை நிச்சயமாம்.

மில் வேலை என்றால் எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட விஷயமா? மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ், நோய் நொடி என்றால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற எங்களுக்கு அது மோட்சத்துக்குப் பக்கத்தில். அன்றிரவு சவரி களியைத் தின்னாமல் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். என்னடா என்றால், ஆட்டம் இன்னும் எத்தனை வருஷத்துக்கு அக்கா, முட்டி போனால் முடிந்தது, மில்லில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால் கடைசி வரைக்கும் அது சோறு போடும் என்றான். இத்தனை யோசனை அவனுக்குள் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

அறுபது கிலோ ஆக வேண்டுமே. ஊரில் ஆளை நிறுக்கிற மிஷின் ஏது? மாரப்பன் மண்டியில் புளி மூட்டை நிறுக்கிற மேடைத் தராசுதான் உண்டு. மூட்டைகளை இறக்கிய பிறகு சவரி அதில் ஏறி நின்றான். மூன்று கிலோ அதிகம். ஞானராஜ் அண்ணன், இது என்ன பெரிய விஷயம், வாயைக் கட்டினால் தானாக இறங்கும் என்றார்.

வாயைக் கட்டினான். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ அப்போது தபசு காலம் பிறந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருப்பார்கள். சவரியும் பாதிக் களியும் மோர்த் தண்ணியுமாக இருந்தான். பிள்ளைக்கு பக்தி வந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரே பிரசங்கத்தில், நம் பங்கில் ஒரு வாலிபன் இந்தக் காலத்திலும் இப்படி உபவாசம் இருக்கிறான் என்று புகழ்ந்துவிட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த சவரி திரும்பிப் பார்த்து, வாயை மூடு என்று கண்ணாலேயே மிரட்டினான்.

ஈஸ்டர் அன்றைக்கு ஊரெல்லாம் கறிக்குழம்பு மணக்கிறது. இவன் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

“ஏசுநாதரே உயிர்த்துட்டாரு, உனக்கு இன்னும் என்னடா ஒருசந்தி?” என்று கேட்டாள்.

அவன் எழுந்து போய்விட்டான். நான்தான் விஷயத்தை உடைத்தேன். அம்மா அழவில்லை, கோபிக்கவும் இல்லை. வேலைக்காகத்தானே என்று கறிச்சட்டியை மூடி வைத்துவிட்டாள்.

வாரம் ஒருதரம் மண்டியில் நிறுத்துப் பார்ப்பதே ஊருக்கு ஒரு வேடிக்கையாகிவிட்டது. மாரப்பன் பெரிய மனசு பண்ணி, நம்ம ஊருப் பையன், காசா பணமா, ஏறி நில்லுடா என்பார். ஏப்ரல் கடைசியில் தராசு சரியாக அறுபதுக்கு வந்தது. ஞானராஜ் அண்ணன் சவரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். பையன் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சாவு வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி இருந்தான். அது யார் கண்ணிலும் படவில்லை.

போட்டியன்று காலையில் லாரி பிடித்து ஊரே தர்மபுரிக்குப் போனது. நானும் அம்மாவும்கூடப் போனோம். ஆட்டம் சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில். அதற்கு முன் ஐந்து மணிக்குள் எல்லாரும் எடை கொடுத்துவிட வேண்டும். மத்தியானமே போய், சும்மா ஒருதரம் பார்ப்போம் என்று சவரி அங்கே இருந்த புதுத் தராசில் ஏறினான். அறுபத்திரண்டுக்கும் மேலே காட்டியது.

ஞானராஜ் அண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை. அப்புறம் தராசு வைத்திருந்தவரோடு மல்லுக்கு நின்றார். உங்கள் தராசுதான் கோளாறு, எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாகப் புளி நிறுக்கிற தராசில் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்று சத்தம் போட்டார். அந்த மனுஷர் நிதானமாக, பஸ் ஸ்டாண்டில் காசு போடுகிற மிஷின் இருக்கிறது, அதிலும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். ஓடினார்கள். காசு போட்டதும் விளக்கெல்லாம் மினுக்கி மிஷின் ஒரு அட்டையைத் துப்பியது. ஒரு பக்கம் ‘உயர்ந்த உத்தியோகம் உங்களைத் தேடி வரும்’ என்று ஜோசியம். மறுபக்கம் அதே அறுபத்திரண்டு.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மாரப்பன் தராசு எடையைத் தின்கிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை வருஷமாக முணுமுணுத்திருக்கிறோம்! வீட்டில் படியால் அளந்துவிட்டுப் போனால் மண்டியில் எப்போதும் குறையும். ஆனால் புளிக்குக் குறைத்துக் காட்டுகிற தராசு ஆளுக்கும் குறைத்துத்தான் காட்டும் என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நடு பஸ் ஸ்டாண்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த வாரமே நாங்கள் பத்துப் பெண்கள் போய் மண்டி வாசலில் உட்கார்ந்து அந்தத் தராசை மாற்ற வைத்தோம் என்பது வேறு விஷயம். அன்றைக்கு என் தம்பிக்கு அதனால் என்ன லாபம்?

வெறும் சில மணி நேரத்தில் இரண்டு கிலோவை எங்கே போய்த் தொலைப்பது? விட்டுவிடலாம், இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று நான் சொன்னேன். அடுத்த வருஷம் அந்த ஆபீசர் வருவாரா என்று சவரி கேட்டான். வேறொரு ஊர் ஆட்டக்காரன் வழி சொல்லிக்கொடுத்தான். அவர்களெல்லாம் எப்போதும் செய்கிறதுதானாம். பேதி உப்பு கலக்கிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் நீர் பிரிகிற மாத்திரை வாங்கி வந்து விழுங்க வைத்தார்கள். அப்புறம் இரண்டு கம்பளியைப் போர்த்தி, மே மாத வெயிலில், தர்மபுரிச் செம்மண்ணில் ஓடவிட்டார்கள். ஞானராஜ் அண்ணனும் கூடவே ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடினார். பிள்ளை தனியாகக் கஷ்டப்படக் கூடாதாம்.

ஓடி ஓடிக் கால் தள்ளாடியதும் ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். அப்போதும் சும்மா விடவில்லை. ஒரு டம்ளரைக் கையில் கொடுத்து எச்சில் துப்பச் சொன்னார்கள். நான் ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் போனேன். அவன் உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. சொம்பையே பார்த்தான். கையை நீட்டினான், அப்புறம் இழுத்துக்கொண்டான்.

“அக்கா, நீ போயிரு. நீ சொம்போட நின்னீன்னா நான் குடிச்சிருவேன்” என்றான்.

வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அவனை இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. அவன் கும்பிட்டான். அக்காவைப் பார்த்துத் தம்பி கும்பிடுகிறான்! நான் லாரி நிழலுக்குப் போய் அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணிக்குள் எடை கொடுத்தான். சட்டை, பனியன், அரைஞாண் எல்லாம் கழற்றியும் முள் கொஞ்சம் தாண்டி நின்றதாம். கடைசியில் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தையும் கழற்றி ஞானராஜ் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, மூச்சை வெளியே விட்டுக்கொண்டு நின்றானாம். முள் அறுபதில் நின்றது. வெளியே வந்து குடம் தண்ணீரைக் குடித்தான். குடித்ததை வாந்தி எடுத்தான், மறுபடியும் குடித்தான். அன்றிரவும் மறுநாளும் அவன் ஆடிய ஆட்டத்தை இன்னும் எங்கள் பக்கத்தில் பேசுகிறார்கள். கோப்பை எங்களுக்கு. ஆபீசர் அங்கேயே சவரிக்குக் கை கொடுத்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் அவனுக்கு மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஞானராஜ் அண்ணன், சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார். ஒரு வாரத்தில் சரியாகத்தான் ஆனது. முகம் மட்டும் லேசாக ஊதியிருந்தது. பார்த்தவர்களெல்லாம் வேலை கிடைத்த சந்தோஷத்தில் பையனுக்குக் கன்னம் வைத்துவிட்டது என்றார்கள்.

மில்லுக்குப் போனான். சும்மா சொல்லக் கூடாது, சம்பளம் மாதாமாதம் வந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றினோம். மறுவருஷம் எனக்கும் யாகப்பனுக்கும் கல்யாணம் அவன் காசில்தான் நடந்தது. அவன் வாங்கிப் போட்ட சங்கிலி இப்போதும் என் கழுத்தில் கிடக்கிறது. கழற்றி எறியவும் மனசு வரவில்லை, போட்டுக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

லீவில் வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டாயா என்றுதான். இன்னும் விடவில்லை அக்கா என்பான். காலையில் ஓட்டம், சாயங்காலம் ஆட்டம், நடுவில் மில்லுக்குள்ளே கால் வைக்க விடுவதில்லை. ஆட்டக்காரன் கையில் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்பார்களாம். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் உள்ளே போய், நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது என்று ஒரு பெண்ணிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தான். என் பாவாடை நாடாவில் நூலைப் பிரித்து எனக்கும் செய்து காட்டினான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கோப்பை வாங்கியபோதுகூட நான் பார்க்கவில்லை.

எடை மட்டும் அவனை விடவில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் அதே கம்பளி, அதே மாத்திரை. எங்கள் ஊரில் தெரியாத்தனமாகச் செய்ததை அங்கே முறைப்படி செய்தார்கள். கதவைச் சாத்திக் கரி அடுப்பு மூட்டிய அறையில் உட்காரவைப்பார்களாம். முட்டி வலித்தால் கோச்சே ஊசி போடுவாராம். அவர் என்ன டாக்டரா என்று சண்டை போட்டேன். எல்லாரும்தான் போட்டுக்கொள்கிறார்கள், எனக்கு மட்டும் என்ன வந்துவிடும் என்றான். வயது இருபத்துமூன்று. அந்த வயதில் யாருக்கு என்ன வரும் என்று எனக்கும்தான் என்ன தெரியும்?

எண்பத்தேழு கோடையில் ஒரு போட்டியில் பாடிக்கொண்டு போனவன் கோட்டுக்குத் திரும்பி வரவில்லை. யாரும் பிடிக்கவில்லை, தொடக்கூட இல்லை, தானாக விழுந்தான். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருக்கிறது என்றார். கிழவர்களுக்கு வருகிற நோய், இந்தப் பையன் என்னத்தைத் தின்றான் என்று கேட்டார். அம்மா, ஒன்றுமே தின்ன மாட்டானுங்க, அதுதானுங்க என்றாள். வேலூருக்கோ சென்னைக்கோ போய்ப் பெரிய வைத்தியம் பார்க்க வேண்டும், அதுவரை தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மில்லிலிருந்து ஒரு பை சாத்துக்குடியோடு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அதன் பிறகு சம்பளம் நின்றது. ஞானராஜ் அண்ணன் கடையை விற்று வைத்தியம் பார்க்கிறேன் என்று வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதார். நான் அவரோடு பேசவில்லை. மில்லில் வேலை பார்த்தவனுக்கு மில் வைத்தியம் பார்க்காதா, ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே, எதற்கு ஊரான் கடையை விற்க வேண்டும் என்பது என் கட்சி. தீபாவளி முடிந்ததும் நேராக மில்லுக்குக் கிளம்பினேன். உன் வாயை வைத்துக்கொண்டு சும்மா வரமாட்டாய் என்று யாகப்பன் பயந்தார். சவரி, நானும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஆஸ்பத்திரி மருந்தில் உடம்பு வீக்கம் வடிந்த பிறகு அவனிடம் எலும்பும் தோலும்தான். சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு உடுத்திக்கொண்டான். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தான்.

அவனை கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அதே ஆபீசர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். சவரி மாதிரி ஒரு ஆட்டக்காரன் இனி வரப் போவதில்லை என்று மனசாரத்தான் சொன்னார். ஆனால் ஈ.எஸ்.ஐ. என்றதும் கையை விரித்தார். ஆட்டக்காரர்கள் தொழிலாளர் கணக்கிலேயே வருவதில்லையாம். அவர்கள் சம்பளம் கிளப் கணக்கில் போகிறதாம். ஒரு நாளாவது மிஷினில் நின்றிருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாமாம்.

அவர் தலைக்கு மேலே சுவரில் கோப்பையோடு சவரி நிற்கிற போட்டோ கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

“படத்த மாட்டறதுக்கு எடம் இருக்குது, பேர எழுதறதுக்கு மட்டும் எடமில்லீங்களா?” என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டம் அப்படிம்மா என்றார். இன்னும் நாலு கேட்டேன். டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

என்னைக் கண்டதும் சவரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பான் என்று நினைத்தேன். இல்லை.

“என் எடையக் கேட்டாரா அக்கா?” என்றான்.

நான் எதற்கு என்றேன்.

“இல்ல, இப்ப அறுபதுக்குக் கீழதான் இருக்கறேன். ஆஸ்பத்திரியில பாத்தாங்க. கம்பளி, மாத்திர ஒண்ணுமே தேவையில்ல. அத நீ சொன்னியா?”

மூன்று மாதம்கூடத் தாங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் காட்டப் போனபோது டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். உள்ளே இருக்கிற அத்தனை மிஷினையும் அடித்து நொறுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

“சொன்னேன்டா” என்றேன். “யோசிச்சுச் சொல்றேன்னாரு.”

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வாட்ச்மேனைப் பார்த்து, வரேண்ணா, சீக்கிரம் வந்துடறேன் என்றான். பஸ் ஸ்டாண்டுக்கு ரிக்‌ஷா வேண்டாம், நடந்தே போகலாம் என்று எனக்கு முன்னால் நடந்தான்.